பெலட் அடுப்புக்கு வைத்த சந்தனப் பொட்டு

அப்பா தன் கையால் பூசை செய்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு அடுப்புக்கு. பூசை முடிந்த கையோடு அந்த அடுப்பு எரியமாட்டேன் என்று நின்றுவிட்டதால், எங்கள் வீட்டில் இன்றும் இதைச் சிரிப்புக் கதையாகவே சொல்லுவார்கள். நானும் நெடுங்காலம் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவள்தான்.

ஓக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாங்கிய பழைய மரவீட்டோடு சேர்ந்து வந்தது அந்தப் பெலட் அடுப்பு. மரத்தூளை இறுக்கிச் செய்த, பார்வைக்குக் கோழித்தீன் போன்ற பெலட்டுகளை மேல்பெட்டியில் மூட்டையோடு கொட்டிவிட்டால் போதும். அது தானே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருக்கும் இரும்புக் கிண்ணத்தில் தள்ளி எரித்துக்கொள்ளும். ஒரு விசிறி சூட்டை அறைக்குள் ஊதும். இத்தனையும் தெரிந்த அடுப்புக்குத் தானாகப் பற்றிக்கொள்ள மட்டும் தெரியாது. பழைய மாடல். யாராவது முழங்காலில் நின்று நெருப்பு வைக்க வேண்டும். அதற்கென்று கடையில் ஒரு பசை விற்றார்கள். அம்மாவுக்கு அதன் நாற்றம் பிடிக்கவில்லை. பாபடோயிட்டோய்ப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வாங்கும் கற்பூரத்தில் இரண்டு கட்டியைப் பெலட்டின்மேல் வைத்துக் கொளுத்துவார். எங்கள் வீடு விடியற்காலையில் கோயில் மாதிரி மணக்கும்.

இந்த ஏற்பாடெல்லாம் எனக்காகத்தான். எனக்கு அப்போது எட்டு வயது, தொய்வு என்கிற ஆஸ்துமா இருந்தது. ஓக்லாந்தின் ஈரக்குளிர் விடியும் நேரத்தில் வீட்டுக்குள் இறங்கும்போது என் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கும். அதற்கு முன் அறை சூடாக வேண்டும் என்று அம்மா ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பை மூட்டுவார். கற்பூரப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது என்பது, கோயில் மணத்தில் மயங்கிக் கிடந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா எழும்பமாட்டார். அவருடைய நித்திரை ஊரறிந்த நித்திரை. வேண்டுமென்று தூங்குகிறவர் அல்ல. பகல் முழுவதும் விமானநிலையத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து படுத்தால், தலையணையும் அவரும் ஒன்று. முந்தைய குளிர்காலத்தில் அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் எனக்கு இழுப்பு வந்து, அப்பா என்னைப் போர்வையோடு தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சிவப்பு விளக்கிலும் நிற்காமல் போனோம். பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமைக்கு அதையே சொல்லிப் பெருமையடித்தேன்.

அதற்கு அடுத்த குளிர்காலம் தொடங்கியபோது அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் அவர் நர்ஸ். இங்கே வந்து முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டும் சோறு தீத்திக்கொண்டும், இடையில் படித்ததையே மறுபடி படித்துச் சோதனை எழுதிக்கொண்டும் இருந்தவர். இப்போது மறுபடியும் நர்ஸ். ஆனால் முதல் வருடம் இரவு வேலை. அடுத்த கிழமை வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"விடிய அஞ்சு மணிக்கு ஆர் எழும்பி அடுப்பு மூட்டுறது?" என்றார் அம்மா.

"நான் எழும்புவன்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கக்கூட இல்லை. அம்மாவின் தம்பியான மாமாதான் சிரித்தார்.

"அக்கா, நீங்கள் வேலைக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ. அடுப்பைத் தானாப் பத்தவைக்கிறது என்ர பொறுப்பு."

மாமா ஐ.டி. வேலைக்காரர். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவர்களுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கண்டால் வரும் ஆவேசம் அவருக்கும் உண்டு. இரண்டு இரவு வீடியோ பார்த்தார். பழைய அடுப்புக்குப் பொருத்தக்கூடிய இக்னைட்டர் ஒன்றை வரவழைத்தார். கரண்ட் வேலைக்கு மட்டும் உரிமம் உள்ள ஒருவரை ஒடாஹுஹுவிலிருந்து கூட்டிவந்தார். இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது விரல் நீளத்தில் ஒரு கம்பி. கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய் வைத்து அதற்குள் கம்பியைச் செருகினார்கள். கம்பி பழுக்கச் சூடாகும், காற்று அதன்மேல் பட்டு, குழாயின் வாயில் உள்ள துளைகளால் பெலட்டின்மேல் வீசும், பெலட் பற்றும். ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் தொடக்கிவைக்க ஒரு டைமர்.

சனிக்கிழமை மாலை மாமா பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கண்ணாடிக் கதவின் முன்னால் குந்தியிருந்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மெல்லிய புகை, ஒரு சிவப்புப் புள்ளி, படாரென்று நெருப்பு. நான் கைதட்டினேன். அம்மா, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்பின் கதவு மூடித்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் புதிதாக வரும் எந்தச் சாமானும் பொட்டு வைக்காமல் வேலை தொடங்கியது கிடையாது. ரைஸ் குக்கர், வாக்யூம் கிளீனர், என் சைக்கிள் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகத்தான் நின்றன. "ஆறின பிறகு இதுக்கும் ஒரு பொட்டு வைக்கவேணும்" என்று அம்மா சொன்னபோது, "நான் வைக்கிறன்" என்றார் அப்பா.

கோயிலுக்குப் போனால் காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுகிற மனிதர் அவர். எனக்கு ஒரே ஆச்சரியம். அடுப்பு ஆறியதும், அம்மாவும் மாமாவும் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தார். நான் சந்தனக் கிண்ணத்தை ஏந்தி நின்றேன். அடுப்பின் நெற்றியில் வைப்பார் என்று பார்த்தால், கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். பொட்டு என்று அதைச் சொல்ல முடியாது. குழாயின் வாயைச் சுற்றி, சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி அப்பினார். நடுவில் ஒரு விரல் குங்குமம். அப்பாவுக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

மறுநாள் ஐந்து மணிக்கு டைமர் ஓடியது, விசிறி ஓடியது, பெலட் விழுந்து குவிந்தது. நெருப்பு மட்டும் வரவில்லை. மாமா போனில் அதை அழுத்து, இதை அணை என்றார். அடுத்த நாளும் அதே கதை. அம்மா கற்பூரத்தை எடுத்துவந்தார். புதன்கிழமை, "விடு தம்பி, நான் வேலை வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன். என்ர பலன் அவ்வளவுதான்" என்று போனில் சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனார். அன்று இரவு அப்பா கேட்காமலே பாத்திரம் எல்லாம் கழுவிவைத்தார். எவ்வளவு நல்ல அப்பா என்று நினைத்தேன்.

மாமா விடுகிறவரா? வியாழன் வேலை முடிந்ததும் நேரே வந்து குழாயைக் கழற்றினார். துளைகள் எல்லாம் சுட்ட சந்தனத்தால் செங்கல்லாக அடைபட்டிருந்தன. மாமா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அத்தான், சாமிக்கு மூச்சே விட ஏலாமப் பண்ணிவைச்சிருக்கிறியள்!"

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா குழாயைக் கழுவக் குசினிக்குப் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் எப்ப இருந்து பக்தர்?"

"நல்லதுக்கெண்டுதான் வைச்சனான்" என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "போன வருசம் பிள்ளை நீலமாப் போனவள். நீர் பக்கத்தில இல்லை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. இன்னொருக்கா என்னால ஏலாதப்பா" என்றார்.

நான் நீலமாகப் போன செய்தியை எனக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. அது எந்த நீலம், வெளிர் நீலமா கடும் நீலமா என்று இங்கிலீஷில் கேட்டேன். அம்மா என் தலையைத் தடவினார், நிறத்தைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"அதை வாயால சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா. அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "நான் போகத்தான் போறன். நீங்கள் பாப்பியள். எனக்குத் தெரியும்" என்றார்.

அம்மா வேலைக்குப் போனார். குளிர்காலத்தில் என் மெத்தை அடுப்பு இருக்கும் முன்னறையில்தான். முதல் நாள் விடிந்தபோது அறை சூடாக இருந்தது, கண்ணாடிக்குள் நெருப்பு ஒழுங்காக எரிந்தது. அடுப்புக்கும் என் மெத்தைக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"அது தானாப் பத்தும் அப்பா" என்றேன்.

"ஓம், தெரியும். நீ படு."

அந்தக் குளிர்காலம் முழுவதும், அம்மாவுக்கு வேலை இருந்த நாட்களில் எல்லாம், நான் கண்விழித்தபோது அவர் அந்தக் கதிரையில்தான் இருந்தார். மாமாவின் மெஷினில் அப்பாவுக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். மாமாவிடமும் சொன்னேன். அவர் மனம் நொந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாத் திருகாணிகளையும் மறுபடி முறுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அப்பா படுக்கப் போகவில்லை. அடுப்பைக் காவல் காக்கிற மனிதர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒருநாள் அரைத்தூக்கத்தில் தோன்றியது. முதுகு குளிருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.