சகாயமேரி வீட்டில் நடத்திய பள்ளிக்கூடம்

என் நாத்தனார் சகாயமேரி தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய அன்று, மரக்காணத்தில் அவளைப் பைத்தியம் என்று வாய்விட்டுச் சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்குச் சாமியார், அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. இன்னொருத்தி நான். அண்ணி வாயைத் திறந்தால் நாத்தனாரைப் பேசிவிட்டாள் என்று ஆகிவிடும். அதனால் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். சகாயத்தின் புருஷன் செல்வநாதன் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பம். அவர் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். மகள் செசீலி சின்ன வகுப்புகளைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படித்தாள். பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, டீச்சரைப் பார்ப்பது எல்லாம் மாமியார் பொறுப்பு. மாமியார் இறந்ததும் தாயும் மகளும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மரியதாஸ் உப்பளத்தில் மேஸ்திரி. செசீலியை இங்கே தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். பிரெஞ்சு அதோடு நின்றது.

அப்போதுதான் செல்வநாதன் எழுதினார். அடுத்த வருஷம் லீவில் வந்து இரண்டு பேரையும் அழைத்துப் போகிறேன். அங்கே பள்ளியில் சேர்க்கப் பரீட்சை உண்டு. தேறினால் வயசுப் பிள்ளைகளோடு படிக்கலாம். இல்லையென்றால் பொடிசுகளோடு உட்கார வைப்பார்கள், அதுவும் சரிப்படாவிட்டால் கைத்தொழில் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

சகாயம் எதற்கும் பயப்படுகிறவள். தபால்காரன் சைக்கிள் மணி அடித்தாலே மார்பில் சிலுவை போடுவாள். இதைக் கேட்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"எம்பொண்ணு அங்க போய் ஊமையாட்டம் நிப்பா அண்ணி. இங்க ஏழாவது படிச்சி இன்னாத்துக்கு ஆவும்?"

"இங்கயும் நிறுத்திட்டு, அங்கயும் போவ முடியலன்னா?" என்றேன்.

 அதே கேள்வி அவளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டிலேயே பிரெஞ்சு படிக்க வைப்பது என்று முடிவாயிற்று. எந்தப் படிப்பு என்பதில்தான் எங்கள் தூக்கம் போனது. கீழ்புத்துப்பட்டில் அருள்பிரகாசம் என்று ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பட்டாளத்தில் தான் படித்த புத்தகத்தை வைத்தே கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். சகாயம் அவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாள். அவர் போட்ட சத்தத்தில் எங்கள் கோழி கூடைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. "என்னா சண்டைக்கா அனுப்பறேன்?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். பாண்டிச்சேரி கன்னியர் மடத்தில் தங்கிப் படிக்க விடலாம் என்றால், இருப்பது ஒற்றைப் பெண், விட்டுப் பிரிய மனமில்லை. மிச்சமிருந்தது பிரான்சிலிருந்து தபாலில் வரும் படிப்பு. புத்தகம் வரும், எழுதி அனுப்பினால் திருத்தித் திரும்ப வரும்.

எந்த வகுப்புக்குக் கேட்பது? பெண் ஏழாவது. "எட்டாவதே கேப்போம் அண்ணி. ஒரு கிளாஸ் மேல இருந்தா பரீட்சையில கைவிட மாட்டாங்க." அப்படியே புருஷனுக்கு எழுதினாள். பெண்டாட்டி விசாரித்துத்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். அவர் அங்கேயே இருக்கிறவர், தெரிந்துதான் அனுப்புவார் என்று இவள் நினைத்தாள்.

பார்சல் வந்தது. சகாயம் பெண்ணுக்குப் பழைய யூனிஃபார்மைப் போட்டு, இரண்டு பின்னல் போட்டு, வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் நடத்தினாள். அவள் வேலை பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவது. எழுத்து ஒன்றும் புரியாது, ஆனாலும் பெண் விரல் நகர்கிற இடத்திலேயே கண் இருக்கும். முதல் பாடம் திருத்தி வந்தபோது மேலே சிவப்பு மையில் பதினேழு என்று போட்டிருந்தது. ஐயோ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அது இருபதுக்குப் பதினேழு என்று செசீலி விளக்குவதற்குள் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பதினெட்டு வந்தது, பத்தொன்பதும் வந்தது. சகாயம் கொஞ்சம் தெளிந்தாள். அளத்தில் உப்பு வாருகிற கொளஞ்சியம்மாளின் மகனும் எட்டாவதுதான். "இஸ்கூலுக்கே போவாத எட்டாவதா?" என்று அவள் நக்கலடித்தால், "பிரான்சு எட்டாவதுக்கா" என்று இவள் சிரிப்பாள்.

மாசி மாதம் அருள்பிரகாசம் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். சகாயம் சும்மா இருக்காமல் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் புரட்டினார். பிறகு செசீலியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது எட்டாவதும்மா."

"ஆமாங்க. முடிக்கப் போறா."

"அய்யோ சகாயம், அவங்க கிளாஸை மேலருந்து கீழ எண்ணுவாங்க. பெருசு ஆவ ஆவ நம்பர் கொறையும். எட்டாவதுன்னா ஒம்பது வயசுப் புள்ளைங்க. உம்பொண்ணு வயசுக்கு அஞ்சாவதுல இருக்கணும்."

சகாயம் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷனுக்குக் காப்பி கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் மேல் என்ன தப்பு? யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

செசீலி மட்டும் அசையவில்லை. "எனக்குத் தெரியும்மா" என்றாள். "பொஸ்தவம் பின்னாடி போட்டிருக்குது, இதை முடிச்சா ஏழாவதுன்னு."

"தெரிஞ்சா ஏண்டி சொல்லல?" சகாயம் கையை ஓங்கிவிட்டாள்.

"என்னை இஸ்கூல்லேருந்து நிறுத்தினதுலேருந்து நீ சரியாவே சாப்புடல. எட்டாவதுன்னு சொல்லும்போதுதான் சிரிச்சே." பெண் புத்தகத்தைத் தொட்டுக் காட்டினாள். "அஞ்சாவது வந்திருந்தா எனக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காதும்மா. எனக்கு வுட்ட எடம் இதுதான்."

ஓங்கிய கை இறங்கிவிட்டது.

உடனே அஞ்சாவது புத்தகத்தை வரவழைத்து ராப்பகலாக உருப்போடச் சொல்லுங்கள் என்றார் சொல்தா. என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். சகாயம் யாரையும் பார்க்காமல் பெண்ணைக் கேட்டாள். "புரியுமாடி?" செசீலி இல்லை என்று தலையசைத்தாள்.

இந்த வருஷம் வரவில்லை, ஏழாவது புத்தகம் அனுப்புங்கள் என்று அன்றைக்கே புருஷனுக்கு எழுதினாள். என் வீட்டுக்காரர் குதித்தார். "புருஷன் கூப்புடும்போது போவாம, பொஸ்தவம் கேக்கறியா? அந்தாளு மனசு மாறிட்டா?"

"நான் ஒரு வருஷம் காத்துக்கினா ஒண்ணும் கொறஞ்சி பூடாதுண்ணே. அவ அங்க வாயத் தொறக்காம ஒக்காந்தா அதோட போச்சு."

சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். செசீலி எட்டு வயசில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வந்து போன மனுஷன், அதற்கப்புறம் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் கேட்ட கேள்வி அவளுக்கு மட்டும் தோன்றாமலா இருந்திருக்கும்?  எனக்கும் அதே பயம்தான்.

செல்வநாதன் வைகாசியில் வந்தார். ஏழாவது புத்தகங்களை அவரே தூக்கி வந்தார். ஆனால் முகம் கொடுத்துப் பேச நாலு நாள் ஆயிற்று. கடைசியில், "சரி, அடுத்த வருஷம்" என்றார். 

அவரை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். மெட்ராஸ் பஸ் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஊர்க்காரர்கள் பார்த்த பார்வை எனக்கே உடம்பில் குத்தியது. அளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

"இன்னாடி, வுட்டுட்டுப் போறாரு? பொண்ணுதான் எட்டாவது முடிச்சிட்டாளே?"

நான் முந்திக்கொண்டு விளக்கம் சொல்லப் போனேன். சகாயம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். 

"முடிச்சிட்டாக்கா" என்றாள். "இப்ப ஏழாவது படிக்கறா."