ஒலிபெருக்கிக்கு இடம் இருந்தது

போன கிழமை மச்சாளின் மகளுடைய கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். வாசலில் பெரிய பதாகை: ‘தேவனுக்கேற்ற தலைவனின் குணங்கள்’. அதில் எங்கள் பழைய பாஸ்டரின் படம். தலைக்கு மை பூசியிருந்தார். சிரிப்புக்கு ஒன்றும் பூசத் தேவைப்படவில்லை, அது அப்படியே இருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் ஒரு வான் வண்டியிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சூடேறிய பெட்டி உறையின் ரெக்சின் மணம் மூக்கில் ஏற, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிழலுக்கு ஒதுங்கினேன். “என்ன, வெயில் குத்திட்டா?” என்றாள் மச்சாள். ஓம் என்று சொல்லி வைத்தேன்.

அந்த மணம் எனக்குப் புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு வாகரைப் பக்கம் அவருடைய சபையில் எனக்கு வேலை. பதவியின் பெயர் ஊழிய உதவியாளர். செய்ததோ கதிரை அடுக்குவதும் பெட்டிக்கு வயர் கொழுவுவதும். சுருதி எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாத என்னை முன்னால் நிறுத்திப் பாடவும் வைத்தார்கள். கடல் செய்தது போதாதென்று சனம் அதையும் தாங்கிக்கொண்டது.

பொய் சொல்லக்கூடாது. அலை வந்து போன அந்தக் கரைக்கு முதல் அரிசி மூட்டை வந்தது பாஸ்டரின் வானில்தான். வலை கொடுத்தார், தகரம் கொடுத்தார். சனம் அவரை நம்பியது. என் கோபமே அந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது.

ஞாயிறு பின்னேரங்களில் தலைமைத்துவ வகுப்பு நடக்கும். தாழ்மை, தியாகம், உண்மை என்று பாஸ்டர் ஒவ்வொரு குணமாக எடுத்து விளக்குவார். வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மன் கோயில்காரர்கள். வகுப்பு முடிய வலை கிடைக்கும் என்று வந்தவர்கள். ஒருநாள் நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பேசினார். மேய்ப்பன் ஆடுகளுக்காக உயிரையே கொடுப்பானாம். கடைசி வரிசையிலிருந்த கணபதி அண்ணன், சுனாமியில் தோணியைத் தொலைத்த மீன்பிடிகாரர், மெல்லமாகக் கேட்டார்: “எங்கட பக்கம் ஆடு வளர்க்கிறது அறுக்கத்தானே ஐயா?” சனம் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். நான்தான் சிரிக்காமல் முறைத்தேன், ஊழிய உதவியாளர் அல்லவா.

பிறகு சண்டை மறுபடி மூண்டது. ஷெல் தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது, பிறகு கிட்ட வந்தது. ஒரு காலை கணபதி அண்ணன் தன் மனைவி செல்வியைக் கைத்தாங்கலாகச் சபைக்குக் கூட்டிவந்தார். செல்விக்கு நிறைமாதம், வலி தொடங்கிவிட்டது. ஊரில் ஓடக்கூடிய ஒரே வாகனம் பாஸ்டரின் வான். வெள்ளைக் கொடி கட்டிப் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே ஒலிபெருக்கிகள், கீபோர்ட், ஜெனரேட்டர்.

“ஐயா, ஒரு பெட்டியை இறக்கினாப் போதும். இவ ஒருக்களிச்சுப் படுத்திருவா.”

“கணபதி, இதெல்லாம் கர்த்தருடைய சொத்து. நான் கணக்கு ஒப்புவிக்க வேணும். வாழைச்சேனையில இறக்கிட்டு உடன திரும்பி வாறன்.”

செல்வியின் தலையில் கைவைத்து ஜெபித்தார். நல்ல நீளமான ஜெபம். ஆமென் சொல்லி வானில் ஏறிப் போனார். எனக்கும் அதில் இடமில்லை. வீரத்தில் நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள், இடம் இருந்திருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ.

வான் திரும்பி வரவேயில்லை. மத்தியானம்வரை பார்த்துவிட்டு, ஒருவரின் தோணியைக் கேட்டு வாங்கி, அக்கரைக்குப் போகக் களப்புத் தண்ணீரில் இறங்கினோம். கணபதி அண்ணன் கம்பு ஊன்றித் தோணியைத் தாங்கினார், நான் செல்வியின் கையைப் பிடித்திருந்தேன். பாதி வழியில் அவர், “புள்ள, உங்கட சாமிக்கிட்ட ஒரு சொல் சொல்லு” என்றார். எத்தனை கூட்டத்தில் மைக் பிடித்தவள் நான். ‘ஆண்டவரே’ என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பிள்ளை அக்கரையில், ஒரு கண்டல் மரத்தடியில் பிறந்தது. அழவில்லை. செல்வி பிழைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

அந்த மனிதரை நான் வெறுக்கிறேன். மன்னிக்கச் சொல்கிறது வேதம், தெரியும்; நானும் அதைப் படித்துத்தான் வளர்ந்தேன். அதே வேதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இன்றைக்கும் தியாகத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார், அதுவும் குளிரூட்டிய மண்டபத்தில்.

ஆனால் அவர் வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கடலுக்குப் போனவன் பிந்தினாலும், அம்மனுக்கு நேர்ந்துவிட்டு அப்படியே எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளுக்கும் வருவார்கள். உங்கட சாமிக்கிட்டயும் ஒருக்காச் சொல்லி வையுங்க என்பார்கள். யாரும் போதித்து வந்ததல்ல, அக்கம்பக்கத்துப் பழக்கம். சண்டை முடிந்தபின் பல தடவை அங்கே போயிருக்கிறேன். தேத்தண்ணி தருவார்கள், வரும்போது மீன் கட்டித் தருவார்கள். போன வருடம் செல்வி நெஞ்சு வருத்தம் வந்து மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மனுக்கு நேர்ந்திருப்பதாகக் கணபதி அண்ணன் சொன்னார். அடுத்ததாக என்னிடம் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.