தலைதட்டி அளந்த இசக்கியம்மாள்

தேநீர் இடைவேளையில் கைப்பேசியை எடுத்தபோது இரண்டு செய்திகள் இருந்தன. இசக்கியம்மாள் அக்கா டெங்குக் காய்ச்சலில் காலமானார் என்றது முதலாவது. "எல்லாம் அந்தப் பவுடரால" என்றது இரண்டாவது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. தப்பான அளவைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. இரண்டாவது செய்திக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே எங்கள் பொறியியல் கல்லூரிக்குப் படிக்க வந்தவர் அவர். எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். ஆண்களும் பெண்களும் சேர்ந்த எங்கள் வலுதூக்கும் அணியின் தலைவி. நூற்றுமுப்பது கிலோவைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுவார்.

அந்தப் பவுடர், தசை வலுவுக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் தூள். அதை அவர் ஒளித்துச் சாப்பிட்டதில்லை. சீல் உடையாத டப்பா, நாளைக்கு ஒரே கரண்டி, அதுவும் அடிக்கோலால் தலைதட்டி. நான் அவசரக்காரன். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் குவித்துக் குவித்து நாளைக்கு நான்கு கரண்டி போட்டேன். அது உடம்பில் தண்ணீரைத் தேக்கும் என்று படித்திருந்தும் யோசிக்கவில்லை. போட்டியன்று காலை, என் எடைப்பிரிவின் வரம்புக்கு மேல் ஒரு கிலோ இருந்தேன். ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடிக் குறைத்துவிடுகிறேன் என்றேன்.

"வத்தல் போடவால ஒன்னக் கூட்டிட்டு வந்தேன்? அந்த ஒடம்போட கம்பிய எடுத்தா விழுந்துருவ" என்றார்.

என்னை மேல்பிரிவுக்கு மாற்றினார். அங்கே நான் கடைசி. ஒரே புள்ளியில் கேடயம் போயிற்று. அவருக்கு அதுதான் கடைசி ஆண்டு. உடற்கல்வி இயக்குநர் கேட்டபோது என் கரண்டியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. "தலைவி நான். நாந்தான் பாத்திருக்கணும் சார்" என்றார்.

படிப்பு முடிந்து சுங்குவார்சத்திரத்தில் வேலைக்குத் தேர்வானார். மருத்துவச் சோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் கொஞ்சம் கூடுதல் என்று வந்தது. சிறுநீரகக் கோளாறோ என்று பணி ஆணையை நிறுத்திவைத்தார்கள். கிரியேட்டின் சாப்பிட்டால், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த அளவு ஏறித் தெரியலாம். டப்பாவை அவர் மறைக்கவில்லை. கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டினார். சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "கிரியேட்டின், கிரியேட்டினின். ஒரு எழுத்து என் வேலையத் தின்னப் பாத்துச்சுல" என்று சிரித்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் மாலையில் கல்லூரி அணிப் பெண்களோடு பயிற்சி செய்தார்.

சாவுச் செய்தி கேட்டுப் போனபோது, குன்றத்தூரில் அக்காவின் வாடகை வீட்டு வாசலில், ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு முதல் டப்பாவை வாங்கித் தந்தவர் அவர்தான்.

"தம்பி, அந்த மாவுதான் எம்பிள்ளையக் கொன்னுட்டுன்னு சொல்லுதாவ. நெசமா?"

"இல்லப்பா. டெங்கு. அக்கா கிட்னி நல்லா கீதுன்னு வந்த ரிப்போர்ட்ட நானே பாத்தேன்." சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

அவர் என் கையை விட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமரர் ஊர்தி தெருமுனையில் நின்றது. அதுவரை சுமக்க வேண்டும். ஆண்கள் பாடையை நெருங்கியபோது கையை நீட்டித் தடுத்தார்.

"அவ கூட்டாளிமாரு தூக்கட்டும்."

அணிப் பெண்கள் ஆறு பேர் குனிந்தார்கள். முதுகை நேராக்கி, மூச்சை உள்ளே நிறுத்தி, ஒன்றாக எழுந்தார்கள். எந்தப் பக்கமும் சாயவில்லை. அப்பா அவர்களுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நடந்தார்.

போய் வாருங்கள், அக்கா.