பெடலை மிதித்த கால்

இது இட்டுக்கட்டிய கதை இல்லை. நடந்த நாள், இடம், மணி எல்லாம் சொல்ல முடியும். யாருக்கு நடந்ததோ அந்த ஆள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான்.

பெயர் கிரண். சொந்த ஊர் தருமபுரி. சென்னீர்குப்பத்தில் ஒரு ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருக்கிறான். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு ஆனால் கல்யாண ரிசப்ஷன்களில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கப் போய்விடுவான்.

ஆனால் கதையை அவனிடமிருந்து ஆரம்பிக்க முடியாது. உத்தமனிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

உத்தமன் கிரணின் நண்பன், பக்கத்து ஊரான நூம்பல்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கிற வேலை. ஆறு வயதில் ஆட்டோ மோதி வலது கால் உடைந்தது. கட்டு சரியாகப் போடவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு வில் மாதிரி வளைந்தே ஒட்டிக்கொண்டது. பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்துத்தான் நடப்பான். ஆனால் கிடாரைக் கையில் கொடுத்தால் கிரணெல்லாம் அவனுக்குப் பக்கத்திலேயே நிற்க முடியாது. அது கிரணுக்கும் தெரியும்.

எலக்ட்ரிக் கிடாரைச் சும்மா மீட்டினால் சப்பென்று இருக்கும். அதைக் கரகரக்க வைக்க, எதிரொலிக்க வைக்க, அழ வைக்க, தரையில் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதுதான் பெடல். வாசித்துக்கொண்டே காலால் ஒன்றை மிதித்தால் ‘டக்’ என்று விளக்கு எரியும், சத்தம் மாறும். உத்தமனால் இடது காலில் மட்டும் நின்று வலது காலால் மிதிக்க முடியாது. அதனால் தன் கிடாரின் முதுகைத் தானே குடைந்து, அந்தச் சர்க்யூட் அத்தனையையும் உள்ளேயே வைத்துவிட்டான். விரலால் ஒரு பித்தானைத் தட்டினால் போதும்.

கிரணுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “எல்லாத்தையும் ஒரே வயித்துக்குள்ள அடைச்சு வெச்சா, ஒண்ணு போனா எல்லாமே போச்சுடா. தனித்தனி பெடல்னா கழட்டி மாத்திக்கலாம்” என்பான்.

“உனுக்கு ரெண்டு காலும் நல்லா கீது மாமே. நீ பேசுவ” என்று உத்தமன் சிரிப்பான்.

2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. கஜபதி என்கிறவர் தன் கச்சேரிக் குழுவுக்குக் கிடார் வாசிக்க ஆள் எடுத்தார். இருந்தது ஒரே இடம். அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் மேடையேறி வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு பேருமே போயிருந்தார்கள். உத்தமன் டீ குடிக்கப் போன நேரத்தில், கிரண் அவனுடைய கிடாரைத் திருப்பிப் போட்டான். முதுகு மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே ஒரு ஒயரைப் பிய்த்தான். மூடிவிட்டான். நாலு நிமிட வேலை.

மேடையில் உத்தமன் கம்பியைத் தொட்டதுமே ‘ங்ங்ங்’ என்று ஒரு அலறல். அப்புறம் ஒன்றுமே இல்லை. செத்துப்போன கிடார்.

கிரண் உதவி செய்கிறவன் மாதிரி தன் கிடாரை அவன் கையில் கொடுத்து, பெடல்களை அவன் காலடியில் தள்ளினான். “இந்தா, இதை மிதி.”

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உத்தமன் வலது காலைத் தூக்கினான். தடுமாறி, கிடாரோடு குப்புற விழுந்தான். கொல்லென்று சிரிப்பு. கஜபதி மைக்கிலேயே கேட்டார்: “மிதிக்க காலு இல்ல... உனுக்கு மேட ஒரு கேடா?”

கிரணும் சிரித்தான்.

உத்தமன் எழுந்தபோது கிரணின் விரல்களைப் பார்த்தான். திருகாணியின் கறுப்பு இன்னும் ஒட்டியிருந்தது. பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பதினோராம் நாள் பெங்களூர் ஹைவேயைக் கடக்கும்போது தண்ணீர் லாரி அடித்து உத்தமன் செத்துப்போனான். கிரண் சாவுக்குப் போகவில்லை. கஜபதி குழுவில் இருந்த அந்த ஒரே இடம் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. மதியம் 2.40. மறுநாள் ஆவடியில் ரிசப்ஷன். கிரண் வீட்டில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனான். ஹாலில் சத்தம் கேட்டது.

டக்.

வந்து பார்த்தான். கிடார் ஸ்டாண்டில் இருந்தது. மூன்றாவது பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது. தான்தான் அணைக்காமல் போயிருப்போம் என்று நினைத்து அணைத்தான். திரும்பி நாலடி வைத்திருப்பான்.

சர்ர்ர்... டக்.

எதையோ தரையில் இழுக்கிற சத்தம். அப்புறம் மிதிக்கிற சத்தம். மறுபடி அதே விளக்கு. மணி 2.52.

ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கும் என்று போய் பிளக்கைப் பிடுங்கினான். ஒயர் கையில் இருக்கிறது. விளக்கு அணையவில்லை. பெடலின் மேல் படிந்திருந்த தூசியில் ஒரு கால் தடம். வெறுங்கால். பாதத்தின் வெளி ஓரம் மட்டும்தான் பதிந்திருந்தது. வளைந்த கால் அப்படித்தான் பதியும்...

அந்த ராத்திரியை அவன் பாரிவாக்கத்தில் ஒரு நண்பன் வீட்டில் கழித்தான். காரணம் சொல்லவில்லை.

மறுநாள் கச்சேரியை விட முடியவில்லை. வராவிட்டால் இனிமேல் வராதே என்று கஜபதி சொல்லிவிட்டார். ஆவடி மண்டபம். முந்நூறு பேர். சீரியல் விளக்கு, பிரியாணி வாசனை, குழந்தைகள் ஓட்டம். இத்தனை கூட்டத்தில் என்ன ஆகிவிடும் என்று கிரண் தைரியம் வரவழைத்துக்கொண்டான். பெடல்களை விரித்தான்.

மணி 7.52. மூன்றாவது பாட்டு. எதிரொலிப் பெடலை மிதித்தான்.

காலை எடுக்க வரவில்லை.

ஏதோ ஒன்று அவன் பாதத்தின் மேல் நின்றது. ஷூவுக்கு மேலே... கனமாக... ஜில்லென்று. இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. கீழே பார்த்தான். ஒன்றும் இல்லை. ஆனால் ஷூவின் தோல் உள்ளே அமுங்கிக்கொண்டே போனது.

டக். டக். டக். மற்ற ஐந்து பெடல்களும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இந்தா... இதை மிதி...”

கிரணின் குரல்! அவன் வாயைத் திறக்கவே இல்லை.

“இதை மிதி... மிதி... மிதி...”

“இன்னாடா பண்ற?” என்று கஜபதி பல்லைக் கடித்தார்.

கால் மேல் கனம் கூடியது.

கூடியது...

முழங்காலுக்குக் கீழே எலும்பு வளைவது தெரிந்தது.

7.56.

மடக்.

கிரண் கிடாரோடு குப்புற விழுந்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. குடித்துவிட்டு விழுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். கஜபதி மைக்கில் ஏதோ சொன்னார். சிரிப்பு இன்னும் கூடியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், அவன் காதுக்குப் பக்கத்தில், ஒரு பாதம் மெல்ல இழுத்துக்கொண்டு நகர்ந்து போனது.

சர்ர்ர்... சர்ர்ர்...

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

“இது இன்னைக்கு உடைஞ்சது இல்லையே. சின்ன வயசுல, ஒரு அஞ்சாறு வயசு இருக்கும்போது உடைஞ்சு, தப்பா ஒட்டின எலும்பு. இத்தனை வருஷம் இப்படியேவா நடந்தீங்க?”

“எனக்குக் கால் உடைஞ்சதே இல்ல டாக்டர்.”

படம் மாறியிருக்கும் என்று மறுபடி எடுத்தார்கள். அதே எலும்பு. அதே வளைவு.

ஒன்பதாம் நாள் கிரண் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, நூம்பலில் உத்தமன் வீட்டுக்குப் போனான். காலை பதினொரு மணி. உத்தமனின் தங்கை மோகனப்பிரியா கதவைத் திறந்தாள். செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனவன், உட்காரக்கூட இல்லை. ஒயரைப் பிய்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். மன்னித்துவிடு என்று கும்பிட்டான்.

அவள் அழவில்லை.

“மன்னிக்க நான் யாரு? அவன்கிட்ட கேளு.”

கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்.

“இத்த நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து அவன் பொணத்த கொண்டாந்து கிடத்தி, ரெண்டு கால் கட்டவெரலையும் சேத்துக் கட்டுனாங்க. என் அண்ணன் காலு ரெண்டும் ஒண்ணாவே சேராது. அன்னிக்கு சேந்துச்சு. வலது காலு நேரா இருந்துச்சு. குச்சி மாதிரி நேரா.”

“லாரி அடிச்சதுல...”

“நானும் அப்டித்தான் நெனச்சேன். ஆனா அந்தக் கட்டவெரல்ல பாதி நகம் இல்ல. காயமும் இல்ல. எப்பவோ போன நகம். என் அண்ணனுக்கு நான்தான் நகம் வெட்டுவேன். அவனுக்கு முழுசா இருக்கும்.” அவள் நேராகப் பார்த்தாள். “அது என் அண்ணன் காலு இல்ல.”

ஒன்பதாவது படிக்கும்போது சைக்கிள் செயினில் மாட்டி, கிரணுடைய வலது கால் கட்டைவிரலில் பாதி நகம் பெயர்ந்துபோனது. திரும்ப முளைக்கவே இல்லை. இந்த ஒன்பது நாளில் ஒரு தடவைகூட அந்தக் காலை அவன் சரியாகப் பார்த்திருக்கவில்லை. பயம்.

இப்போது மெல்லக் குனிந்து பார்த்தான்.

நகம் முழுசாக இருந்தது.