செவுளைத் தூக்கிப் பார்க்காதவர்

ஐம்பத்திரண்டாம் வருடம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ராயபுரம் மார்க்கெட்டில் என் அக்காள் கணவர் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் யார் மீன் வாங்கினாலும் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவந்திருந்தால் புதுசு, பழுப்பேறியிருந்தால் பழசு. மாமா செவுளைத் தொடவே இல்லை. கட்டைவிரலால் மீனின் வயிற்றை அழுத்தினார், மோந்து பார்த்தார்.

"இன்னா நைனா, டாக்டராட்டம் வவுத்த அமுக்கினுகீற? மாசமா கீதா அது?" என்று மீன்காரம்மா கேட்டாள். சுற்றி நின்றவர்களோடு மாமாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதம் நான் நூலகத்தில் கண்ணைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். குரங்கின் விழித்திரையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி வரைந்த படங்கள் அதில் இருந்தன. மனிதனுக்கும் ஏறக்குறைய அதே அமைப்புதான். அரையிருட்டில் பார்க்கக் கோல் போன்ற செல்கள். வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூம்பு போன்றவை. அவை இடையிலுள்ள ஒரு வரிசைக்குச் சேதி தர, அது மூன்றாவது வரிசைக்குத் தருகிறது. அந்த மூன்றாவது வரிசையின் நீண்ட இழைகள்தாம் நரம்பாகத் திரண்டு மூளைக்குப் போகின்றன. கூம்புகளில் மூன்று வகை இருக்க வேண்டும் என்றும், பிறவியிலேயே ஒரு வகை இல்லாதவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்றும் எழுதியிருந்தது.

மாமா துறைமுக ரயிலில் ஃபயர்மேன். யுத்த காலத்தில் கரி வாரிப் போடத் தெம்பிருந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். இப்போது டிரைவர் வேலை வரப்போகிறது. அதற்கு முன் கண் பரிசோதனை: கலந்து கிடக்கும் கம்பளி நூல்களில் ஒரே நிறத்தவற்றைப் பொறுக்கி வைக்க வேண்டும்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனால், அக்கா வண்ணாரப்பேட்டையில் வாங்கிய நூல்களைப் பாயில் பரப்பி அவருக்குப் பழக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மாமா ஒவ்வொரு நூலையும் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். தப்பே வரவில்லை. சிவப்பு நூல் கொஞ்சம் முரடாம்.

படித்ததைச் சொன்னேன்.

"பழகிக்கினா வராதா?" என்றாள் அக்கா.

இல்லாத செல் பழக்கத்தால் முளைக்காது என்றேன். இத்தனை வருடம் எஞ்சினில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மாமாவைக் கேட்டேன். பகலில் கைகாட்டி மரத்தின் கை இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதுமாம். ராத்திரியில் விளக்கின் நிறம் மட்டும்தானே தெரியும் என்றேன்.

"இருட்டிச்சின்னா டிரைவர் கையப் பாப்பேன். பிரேக்குக்குப் போச்சுன்னா செவப்பு. அவ்ளோதான்."

அக்கா நூல்களைச் சுருட்டத் தொடங்கினாள். பிறகு கேட்டாள்: "நீயே டிரைவரானா யார் கையப் பாப்ப?"

அதன்பின் அந்த வீட்டில் யாரும் நூல்களைப் பரப்பவில்லை. ஆனாலும் குறித்த நாளில் அவர் பரிசோதனைக்குப் போனார். நான் தண்டையார்பேட்டை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். அவர் தேறிவிடுவாரோ என்றும் பயந்தேன், தேறாமல் போவாரோ என்றும் பயந்தேன்.

மத்தியானம் வந்தார். அங்கிருந்த நூலெல்லாம் ஒரே மிருதுவாம்.

"நெருடி நெருடிப் பாத்துகினே இருந்தேன். துணிக்கடைக்கா வந்துகீறன்னு கேட்டான் டாக்டரு" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

ஃபயர்மேன் வேலையிலிருந்தும் எடுத்து, எஞ்சின் கொட்டகையில் பாய்லர் கழுவப் போட்டார்கள். அக்கா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அன்று சீக்கிரம் தூங்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு மார்க்கெட்டில் சேதி எங்களுக்கு முன்பே போயிருந்தது. மீன்காரம்மா கேலி செய்யவில்லை. தானே செவுளைத் தூக்கிக் காட்டி, "நல்லா செவப்பா கீது நைனா. என்னிய நம்பு" என்றாள்.

மாமா குனிந்து செவுளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் வயிற்றை அழுத்தினார்.