தாலுகா ஆபீசில் பாடிய பாட்டு

எனக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று, சபையின் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் எல்லோருக்குமே அப்படித்தான். கிறிஸ்தவன் என்று எழுதிக்கொடுத்தால் எஸ்.சி. சலுகை போய்விடும். சபைக்குப் போகிறோம் என்பதற்காக டீக்கடைக்காரர் எங்களுக்கு ஊர்க்காரர்கள் டம்ளரில் டீ கொடுத்துவிடவில்லை. அதே தனி டம்ளர்தான். ஆனால் சர்க்கார் கணக்கில் நாங்கள் திடீரென்று வேறு ஆட்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், மற்ற ஆறு நாளுக்கு ஒரு பெயர். ஞானஸ்நானப் புத்தகம் பாஸ்டர் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

ஏழு வயதில் கிறிஸ்துமஸ் ஆராதனையில் என்னை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றிப் பாடவிட்டார்கள். முதல் அடி முடிவதற்குள் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். அம்மா மட்டும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "சபைக்குள்ள பாடு, வாணாங்கல. வெளிய எவனா கேட்டா பாடத் தெரியாதுன்னு சொல்லிடு." எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற தாய்க்கே பொறாமையா என்றுகூட நினைத்தேன். நான் அப்படிப்பட்ட பிள்ளைதான்.

பிறகு பாஸ்டர் சபைக் கூரையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டினார். என் குரல் கரும்புக் கொல்லைகளைத் தாண்டி ஊர்த்தெருவரை போனது. நான் பாடும்போதெல்லாம் அம்மா சபைக்கு வெளியே போய் நின்று ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஓங்கிப் பாட வேண்டும் போலிருக்கும்.

அவளுடைய பயமெல்லாம் அண்ணனுக்காக. என்னைவிட எட்டு வயது மூத்தவன். அப்பா இறந்தபின் அவன்தான் வீடு. எஸ்.சி. கோட்டாவில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எங்கள் வம்சத்தில் அதுதான் முதல் சர்க்கார் சம்பளம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கி வருவான்; ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருவான்.

ஊர்த்தெருக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்த வாரம் நாங்கள் மலையில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் பாடிவிட்டு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். அடிவாரத்தில் புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். அரிவாளோடு நாலைந்து பேர் வந்தார்கள். "எந்த ஊரு?" என்று ஒருவன் கேட்டான். பாஸ்டர் ஊரைச் சொன்னார். "எந்தத் தெரு?" என்றான். எங்களை இறக்கிவிட்டார்கள். ஆர்மோனியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தோம். யாரும் அடிக்கவில்லை. ஆனால் வழி நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன, ஒரு பஸ் இல்லை, ஒரு கடை திறந்திருக்கவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மாவைப் போலப் பயமாக இருந்தது.

மறியல் முடிந்தது, மரங்களை எடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு எல்லோர் வாயிலும் கோட்டாதான். எவன் எந்தச் சர்டிபிகேட்டில் வேலைக்குப் போனான், எவன் நெற்றியில் விபூதி இல்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். மொட்டைப் பெட்டிசன்கள் பறந்தன. பக்கத்துக் காலனியில் ஒரு கிளார்க்கின் வேலை போயிற்று.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கேசட் வாய்ப்பு வந்தது. பதினேழு வயது. சென்னையில் ரெக்கார்டிங். அம்மா அழுதாள். அண்ணன்தான், "பாடட்டும்மா, இன்னா இப்போ?" என்றான். உறையில் போட்டோ கூடாது, ஊர் பெயர் கூடாது, ஞானஸ்நானப் பெயர் மட்டும் போடலாம் என்று பேசி முடித்தோம். அந்தப் பெயர் சுற்றுவட்டாரச் சபைகளில் பத்துப் பெண்களுக்காவது இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசியில் முதல் பக்கத்தில் இரண்டு நிமிடம் டேப் மிச்சமிருந்தது. "சாட்சி சொல்லும்மா" என்றார் ரெக்கார்டிங் செய்தவர். எங்கள் ஆட்களுக்கு மைக்கைக் கொடுத்தால் பாட்டுக்கு நடுவே சாட்சி வந்துவிடும். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லாமல் இறங்கினால் நன்றிகெட்டவள் என்பார்கள். நான் யோசிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் இரட்சிக்கப்பட்டதைச் சொன்னேன். தகப்பன் இல்லாத எங்களைக் கர்த்தர் கைவிடாமல், என் அண்ணனுக்குக் கல்வராயன் மலையில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்தார் என்று சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார்.

கேசட் ஓடியது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கடைக்குக் கடை என் குரல். பாட்டு முடியும், சாட்சி வரும், நான் ஓடிப்போய் நிறுத்தவா முடியும்? சென்னையிலிருந்து அடுத்த கேசட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதே வாரம் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் இருக்கிற நாளில், அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ். யாரோ பெட்டிசனோடு கேசட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் வேலை என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்தக் கேசட்டை வாங்கியவர்கள் எல்லாம் சபைக்காரர்கள்தான்.

பாஸ்டர், ஞானஸ்நானப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று எழுதிக்கொடுத்தார். அவர் பொய் சொல்லி நான் கண்டது அது ஒன்றுதான். இனி மிச்சமிருந்த அத்தாட்சி என் குரல்.

இன்றைக்குப் பாட்டுதான் எனக்குச் சோறு போடுகிறது. மூன்றாவதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு சென்னையில் எத்தனையோ கேசட், பிறகு சி.டி., வெளியூர் மேடைகள் என்று பாடியாகிவிட்டது. ஆனாலும் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்ட அந்தப் பிற்பகல் தாலுகா ஆபீசில் பாடியதைப் போல வேறெங்கும் நான் கஷ்டப்பட்டுப் பாடியதில்லை.

மேசை மேல் டேப் ரெக்கார்டர் இருந்தது. கிளார்க் அதைத் தட்டினார். நான் பேசினேன், நான் பாடினேன், கோப்புகளுக்கு நடுவே. அண்ணன் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உன் குரலா?" என்றார் தாசில்தார்.

"இல்லீங்க."

"அப்போ இதே பாட்டைப் பாடிக் காட்டு."

வேண்டுமென்றே சுருதியை எட்டாத உயரத்தில் எடுத்தேன். குரல் கிழிந்தது. கிளார்க் சிரித்தார். இரண்டாவது அடியில் தொண்டை தானாகவே சரியான இடத்துக்குப் போய் நின்றது. ஒரு நொடி, அப்படியே பாடிவிடலாமா என்று வந்தது. பாடினால் அந்த அறையே வாயடைத்துப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடி அண்ணனை நான் வெறுத்தேன், அவன் வேலையை வெறுத்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சுருதியை விட்டேன், தாளத்தை விட்டேன், மிச்சத்தைப் பாடி முடித்தேன்.

தாசில்தார் ஏதோ எழுதினார். குரல் ஒத்துப்போகவில்லை என்றுதான் எழுதினாராம், அண்ணன் பிறகு பார்த்துச் சொன்னான். எழுதி முடித்து நிமிர்ந்து, "கேசட்டுல பாடியிருக்கிற பொண்ணு நல்லா பாடுதும்மா. உனக்கு இதெல்லாம் வராது" என்றார்.

"சரிங்க" என்றேன்.

வெளியே ஜன்னலுக்குக் கீழேயே அம்மா உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா பாடிடுவியோன்னு பயந்துகினே இருந்தேன்டி" என்றாள்.