பினாங்கில் நான் உட்கார்ந்த பந்தி

மகள் பினாங்குக்கு வேலைக்குப் போன மூன்றாவது வருடம், ஒரு சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். நான் அப்போது பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அவள் போன் வந்ததும் அந்தப் பஸ்ஸில்தான், நின்றுகொண்டிருந்தபோது. "சரி, சாயங்காலம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு நல்லது கெட்டது பார்த்ததெல்லாம் கல்லங்குறிச்சியில் இருக்கும் என் அண்ணன்தான். அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ நேர்ல போ. அழு, கெஞ்சு, என்ன வேணா பண்ணு. கையோட கூட்டிக்கிட்டு வந்துடு. கீழப்பழுவூர்ல ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன்" என்றார். வாசல் வரைக்கும் வந்து, "அவங்க வூட்டுல மட்டும் கை நனைச்சுடாத ஆயி. நனைச்சா சம்மதம்னு ஆயிடும்" என்றும் சொன்னார்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி பினாங்கு போய்ச் சேர்ந்தேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நாலு நாள் லீவு போட்டிருக்கேன். ஊரைச் சுத்திப் பாக்கலாம்மா" என்றாள்.

நான் அழுவதற்கு நேரமே தராமல் கூட்டிக்கொண்டு சுற்றினாள். முதல் நாள் ஒரு பழைய கடையில் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றிய சோறு வாங்கிக் கொடுத்தாள். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு வைத்து, இரண்டு பக்கமும் பானை கட்டித் தொங்கவிட்டுத் துறைமுகத்தில் விற்ற சோறாம். குழம்பு கலந்த இடத்தில் என் அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசம் இருந்தது. மதிய வெயிலில் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஐஸும் போட்ட ஒன்றை வாங்கித் தந்தாள். அதில் பச்சை நிறத்தில் இடியாப்பத் துண்டு மாதிரி மிதந்தது. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியாரின் முகத்தைப் பார்க்கும் பிள்ளையைப் போல இருந்தது அவள் பார்வை.

இரண்டாம் நாள் பழைய கடைத்தெருக்களில் சுவர் ஓவியங்களைக் காட்டினாள். ஒரு சந்தில், காரை பெயர்ந்த சுவரில், மூன்று பெண்கள் ஒரே முறத்தைச் சுற்றி உட்கார்ந்து முளைப்பயறு ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "ஒருத்தங்க சீனம், ஒருத்தங்க மலாய். இதுல நம்மாளு யாருன்னு சொல்லு" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மழையில் சாயம் போய் மூன்று முகங்களும் ஒன்றுபோல் ஆகியிருந்தன. "நடுவுல இருக்கறவங்கம்மா. பொட்டு இருந்துச்சு, அழிஞ்சு போச்சு" என்றாள். அந்தச் சுவரோரம் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். அதில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மூன்றாம் நாள் அந்தப் பையனை ஒரு டீக்கடையில் பார்த்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தான். எழுந்து நின்று கும்பிட்டான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் போன பிறகு மகள், "நாளைக்கு மதியம் அவங்க அம்மா நம்மளைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. அவங்களும் உன்னை மாதிரிதாம்மா. தையல் தச்சுத் தனியா வளத்தாங்க" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. அந்த வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் சிவப்பு அடித்த சிறிய மாடம் இருந்தது. உள்ளே மலாய்த் தொப்பி போட்ட கிழவர் பொம்மை. எதிரில் வெற்றிலை, பாக்கு, புகையிலை. எங்கள் ஊர் எல்லைச்சாமிக்கு வைப்பதைப் போலவே இருந்தது.

"இவரு மலாய்க்காரரு, முஸ்லிம். இந்த மண்ணுக்குக் காவல்" என்றாள் மகள். "வந்து குடியேறின சீனக்காரங்க, மண்ணு யாரோடதோ அவரைத்தானே கும்பிடணும்னு கும்பிடறாங்க. பன்றிக்கறி மட்டும் படைக்க மாட்டாங்க. ஒரு தடவை யாரோ தெரியாம வச்சுட்டு, கால் வீங்கி நடக்க முடியாமப் போச்சாம். மன்னிப்புக் கேட்டு, தனிச் சட்டியில ஆக்கி வச்சப்பறம்தான் சரியாச்சாம். அத்தைதான் சொன்னாங்க."

அத்தை என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைவிடக் குள்ளம், வெள்ளை முடி. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "வாங்க. சாப்பிடுங்க" என்றார். அந்த இரண்டு சொல்லை மகளிடம் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டுப் படித்தாராம். மேசையில் ஏழெட்டுக் கிண்ணம். எல்லாம் காய்கறி. பெருமாளைக் கும்பிடுகிறவர்கள் சனிக்கிழமை கவுச்சி சாப்பிடமாட்டார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அடுப்படியில் புதுச் சட்டியும் புதுக் கரண்டியும் இருந்தன. சட்டியின் கைப்பிடியில் கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டும் சொன்னேன். "எனக்கு இன்னிக்கு ஒரு பொழுது. ஒண்ணும் சாப்பிட மாட்டேன்னு சொல்லும்மா."

மகள் என்னைப் பார்த்தாள். காலையில் தமிழர் கடைத்தெருவில் அவள் வாங்கிக் கொடுத்து நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன். நான் சொன்னதை அப்படியே மலாய் மொழியில் சொன்னாள். அந்த அம்மாள் முகம் வாடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு, ஒவ்வொரு கிண்ணமாக மூடினார். விரதக்காரி எதிரில் சாப்பிடக் கூடாது என்று அவரும் சாப்பிடவில்லை. தன் பையனையும் சாப்பிட விடவில்லை. பழம் ஆகுமா என்று கேட்டு ஓர் ஆரஞ்சை என் கையில் வைத்தார். ஒரு மணி நேரம் நான்கு பேரும் மூடிய கிண்ணங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் மகள் சொன்னாள். "அவங்கக்கிட்ட நான் சொல்லலை. இனிமேலும் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கு மேல உன்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

அழுது கெஞ்ச வந்தவள் நான். அப்போது அழுகை வரவில்லை. ஆரஞ்சை அவள் அறை ஜன்னலில் வைத்துவிட்டு ஊருக்கு வந்தேன்.

இரண்டு மாதத்தில் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். போட்டோ வந்தது. அந்த அம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், நான் நிற்க வேண்டிய பக்கத்தில். ஆபீசில் கேட்டவர்களிடமும் அண்ணனிடமும் "வேலை அதிகம், இப்ப கல்யாணம் வேணாங்கறா" என்றேன். பேரன் பிறந்தபோதும் அதையேதான் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது பேரப்பிள்ளை பேச்சு எடுத்தால், பாதியில் இறங்கிவிடலாமா என்று இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் ஒருநாள், போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள். "அத்தை போயிட்டாங்கம்மா. மூணு வாரம் ஆச்சு."

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னைக் கேப்பாங்க" என்றாள். "இன்னிக்கும் உங்கம்மா பட்டினியா இருப்பாங்களா, உடம்பு தாங்குமான்னு. நானும் ஆமாம் ஆமாம்னே சொல்லிக்கிட்டிருந்தேன்."

அடுத்த நாளே கல்லங்குறிச்சிக்குப் போனேன். கல்யாணம், பேரன், அந்தச் சாப்பாடு எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறத் தொடங்கியிருந்த சமயம். "எனக்கு அப்பவே தெரியும். சொந்தக்காரன் ஒருத்தன் போன்ல காட்டுனான். நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்து ஐந்து வருடம் கழித்திருந்தோம்.

மகளிடம், நான் வந்து கொஞ்ச நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்ப வேணாம்மா. அவன் அவங்க பாட்டியைத் தேடிக்கிட்டிருக்கான். வேற ஆளு வந்தா குழம்பிடுவான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறோம். பேரனுக்கு நாலு வயது. சீனமும் மலாயும் பேசுகிறான், தமிழில் பத்து வரை எண்ணத் தெரியும். அவர்கள் மொழியில் பாட்டிக்கு 'ஆமா' என்பதுபோல ஒரு சொல், அந்த அம்மாளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான். போன வாரம் மகள் என்னைக் காட்டி, "யாரு இது, சொல்லு" என்றாள். அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி" என்றான். அந்த ஊரில் தெரியாத பெண்களை எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மகள் திருத்தவில்லை. "சாப்பிட்டியாடா கண்ணு?" என்று நான் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. பொம்மைக் காரைத் தேடி ஓடிவிட்டான். நாங்கள் இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் அரியலூர் வெயிலைப் பற்றிப் பேசினோம்.